கருவுக்கு வக்கீல்கள் உண்டு

கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பது கொலையா, இல்லையா என்ற சர்ச்சை நம் இலக்கியக்காரர்கள் மத்தியிலும் வந்து சேர்ந்துவிட்டது. கருவுற்ற கணத்திலேயே உயிர் பூரணம் என்கிறது ஒரு கட்சி. 14 நாள் வரை அது வெறும் செல் குவியல், பேச்சே அதற்கப்புறம்தான் என்கிறது மற்றது. முதலாவது ரோமாபுரியின் சரக்கு. இரண்டாவது பிரிட்டனின் வார்னாக் கமிட்டி 1984இல் வகுத்த கணக்கு. இரவல் என்பதற்காக ஆட்சேபிக்கவில்லை. நம் விமர்சன அளவுகோல்களில் பாதி இரவல்தான். என் ஆட்சேபம், இரண்டு கட்சிகளின் கண்ணிலும் ஒரு ஆள் படவே இல்லை என்பதில்.

கரு ஆகாசத்திலிருந்து விழுவதில்லை. 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்ஸன் மனிதக் கருவிலிருந்து இந்தச் செல்களை முதன்முதலாகப் பிரித்து வளர்த்தபோது, அவர் கையாண்டவை குழந்தைப்பேறு சிகிச்சைக்கென உண்டாக்கிய கருக்கள். 2001இல் அமெரிக்க அரசு தன் ஆராய்ச்சிப் பணத்துக்குத் தகுதியானவை என்று பட்டியலிட்ட 64 செல் வரிசைகளில் 10 இந்தியாவினுடையவை: பம்பாயில் 7, பெங்களூரில் 3. ஆக, இது அயல்நாட்டுச் சமாச்சாரம் அல்ல.

கரு என்றால் முட்டை. முட்டை என்றால், பத்து நாள் போல ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு, மயக்கத்தில் படுத்து, ஊசியால் உறிஞ்சி எடுக்கக் கொடுத்த ஒரு பெண். பெரும்பாலும் குழந்தை வேண்டி வந்தவளே அவள். முட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவளும் உண்டு. அவளைப் பற்றித்தான் பேச்சு. வயது 23லிருந்து 35, ஆயுளில் ஒரே தரம், 7 முட்டைக்கு மேல் கூடாது என்று 2021இன் சட்டம் வரம்பு கட்டியது. அடுத்த வருஷமே ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணிடம், ஆதாரில் வயதைத் திருத்தி, பலமுறை எடுத்தது வெளிவந்தது. அதே சட்டத்தில் இன்னொரு வாசகம்: 10 வருஷம் சேமித்த கருவை அழிய விடலாம், அல்லது சிகிச்சைக்கு வந்தவர்களின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். முட்டை தந்தவளை அந்த வாசகம் குறிப்பிடுவதில்லை.

அவளிடமும் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போயிற்று என்பார்கள். கையெழுத்தின் லட்சணத்தை எண்ணூர்ப் பக்கம் வந்து படிக்கலாம். 2004 சுனாமிக்குப் பின் கரையோரக் குப்பங்களிலிருந்து பெயர்த்து எர்ணாவூரில் குடிவைக்கப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007 ஜனவரியில் அம்பலமாயிற்று. விற்பதைக் குற்றமாக்கிய 1994இன் சட்டம் ஒரு சந்தை விட்டிருந்தது. பெறுபவர்மேல் 'அன்போ பற்றோ' இருந்தால் உறவில்லாதவரும் தரலாம். ஒரு கமிட்டி ஒப்புதல் தரவேண்டும். தரகர்களுக்கு அந்தச் சந்து போதும். முன்பின் பார்த்திராத நோயாளிமேல் ஒரு குப்பத்துப் பெண்ணுக்குத் திடீரென்று அன்பு சுரந்ததாக யாராவது சிறுகதை அனுப்பினால், நம்பும்படி இல்லை என்று நாம் திருப்பியிருப்போம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002இல் வந்த ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை விசாரித்தது. 96 சதவீதம் பேர் கடனடைக்க விற்றவர்கள். நான்கில் மூவருக்கு அப்புறமும் கடன் தீரவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்கள் அல்ல, கடன்.

சிறுநீரகமும் முட்டையும் ஒன்றல்லதான். வாங்குகிற விதம் ஒன்று.

நான் ஆராய்ச்சிக்கு விரோதியல்ல. பார்க்கின்ஸன் நோயில் கை நடுங்குகிறவனிடம் கருவின் ஆன்மாவைப் பற்றி உபதேசிக்க எனக்குத் தைரியமில்லை. கேட்பது இவ்வளவுதான்: தன் முட்டையில் உண்டான கரு ஆராய்ச்சிக்குப் போவதை மறுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். தரகன் பக்கத்தில் இல்லாதபோது, அவள் பேசுகிற தமிழில், அவளிடம் கேட்கவேண்டும். பணம் வேண்டியிருப்பதால்தான் சம்மதிக்கிறாள் என்று தெரிந்தால் அந்தச் சம்மதம் செல்லாது.

எர்ணாவூர்ச் செய்தி வந்த அதே 2007இல், ஜப்பானில் யமனாகா மனிதத் தோல் செல்லையே ஸ்டெம் செல் போலாக்கிக் காட்டினார். இனிக் கருவைத் தொட வேண்டாமே என்று பலர் ஆறுதல் கொண்டார்கள். அந்த ஆறுதலே காட்டிக்கொடுக்கிறது: அவர்களுடைய தர்மசங்கடம் கருவோடு முடிந்துவிடுகிறது. ஈரோட்டுப் பெண்ணுடையது அப்போது தொடங்கக்கூட இல்லை. கரு எப்போது உயிராகிறது என்று தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன் முட்டை யாருடையது, அவளுக்கு எவ்வளவு கடன் என்று கேட்டுவிடுங்கள்.