ஓட்டையில்லாத இலைகள்

என் மகளுக்கு நான்கு வயது. 'பாராசாரோலோஃபஸ்' என்று தடுமாறாமல் சொல்வாள். ஏழு கோடி வருடங்களுக்கும் முன்னால் வாழ்ந்த பிராணி. ஆனால் போன வருடம் பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலையைப் பார்த்து, "அப்பா, காக்கா கக்கா போயிருக்கு" என்றாள்.

காக்கா எச்சம் இல்லை, புழு. நானும் பொறுப்பான தகப்பனாக நாலைந்தைக் குச்சியால் தட்டி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டேன். பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: கறுப்பு இறகில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு எங்கள் தெருவில் பறக்கும் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள் அவை. பறவைகள் தின்னாமலிருக்க, சின்ன வயதில் எச்சம் மாதிரி வேஷம். வளர்ந்தால் பச்சை. சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் விடும். இதைவிடச் சுவாரஸ்யமாக எந்த டைனோசர் இருக்கிறது?

அவளிடம் இருக்கும் 'தோட்டத்து நண்பர்கள்' வகைப் புத்தகங்களை அன்று எடுத்துப் புரட்டினேன். பட்டாம்பூச்சி ஒரு பக்கம், பூ மேல் சிரிக்கிறது. செடி இன்னொரு பக்கம், வேர், தண்டு, இலை என்று அம்புக்குறியோடு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால் ரெண்டு டேபிள், நடுவில் ஃபாரின் கீ கிடையாது. எந்தப் பக்கத்திலும் ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை! புழு எதைத் தின்று பட்டாம்பூச்சி ஆனது? காற்றையா?

எரிக் கார்லின் 1969ஆம் வருடத்துப் புழு ஆப்பிளும் கேக்கும் தின்னும். தின்னட்டும், அது கதை. என் சண்டை, அறிவியல் என்று அட்டையில் போட்டுக்கொண்டு வருபவற்றோடுதான். நிஜப் புழு எதையும் தின்றுவிடாது. பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட சில செடிகள்தான் சோறு. வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை, கறிவேப்பிலை வகையறாவுக்கு வேறு கூட்டம். அதனால்தான் தாய் தேடிவந்து அதே செடியில் முட்டையிடுகிறது. செடியைப் பிடுங்கினால் பூச்சியும் போச்சு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் மற்ற முப்பது பெயர்கள் தெரிந்து என்ன பயன்?

"சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு எதுக்கு, குழம்பிடும்" என்பார்கள். பாராசாரோலோஃபஸில் குழம்பாதவள் எருக்கஞ்செடியில் குழம்புவாளா? குழம்புவது நாம். புழு என்றால் அருவருப்பு, பட்டாம்பூச்சி என்றால் பிறந்தநாள் அலங்காரம். அந்த அருவருப்பைத்தான் வழவழ தாளில் அச்சடித்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோம். பிறகு அபார்ட்மெண்டில் மாதாமாதம் மருந்தடிக்கும்போது, பட்டாம்பூச்சிகளை நேசிக்கும் அதே பெற்றோர்தான் சந்தா கட்டுகிறார்கள். நானும் கட்டியிருக்கிறேன்.

குப்பைக்குப் போனவை என்னவென்று மகளிடம் சொன்னேன். அழவில்லை. "அப்போ அது எப்போ பட்டாம்பூச்சி ஆகும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வருடம் மறுபடி வந்திருக்கின்றன, ஒன்பது. முட்டையிலிருந்து இறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம் என்பதால் கறிவேப்பிலையைக் கடையில் வாங்குகிறோம். "குழம்புக்கு இலை இல்ல, புழு வளர்க்கிறானாம்" என்று அம்மா ஊருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.