எட்டுக் கட்டத்தில் அடங்காத ணகரம்

பழைய வீடியோ கேம்களின் கட்டம் கட்டமான எழுத்துக்கு இப்போது மறுபடி மவுசு. அந்தக் கால இயந்திரங்களில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் 8-க்கு 8 கட்டம்தான் இடம். அந்த நெருக்கடியில் பிறந்த முகவெட்டு அது. 1984-இல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்காக சூசன் கேர் வடித்த சிகாகோ எழுத்துருவும் புள்ளி புள்ளியாக வைத்து உருவானதே. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எட்டு வரிசை தாராளம். தமிழுக்கு? மேலே புள்ளிக்கும் இகர மேல்விலங்குக்கும் இரண்டு வரிசை, கீழே உகர வாலுக்கு இரண்டு. மிஞ்சும் நாலு வரிசைக்குள் ‘ண’வின் மூன்று சுழியை எங்கே நுழைப்பது? எல்இடி பலகை வைத்த பஸ்களைக் கவனியுங்கள். ‘சிவகாசி’ பளிச்சென்று ஓடும். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ வந்தால் ‘ஸ்ரீ’ சிவப்புத் திட்டாகிவிடும். பதினாறு வரிசையாவது கொடுத்தால்தான் தமிழுக்கு மூச்சுவிட இடம்.

அச்சில் அந்த இடம் உண்டு; எனவே சிவகாசி டிசைனர்கள் இந்தக் கட்ட எழுத்தைத் தைரியமாகக் கையில் எடுக்கலாம். பட்டாசுப் பெட்டியின் பெயருக்கும் காலண்டரின் தேதி எண்ணுக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஒன்று மட்டும்: பெரிதாக்கினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு மடங்காக ஆக்குங்கள். ஒன்றரை மடங்கு என்றால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, ஆப்செட் அச்சில் இன்னும் மங்கும். ‘தள்ளி நின்று கொளுத்தவும்’ என்ற வரிக்கு மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதைச் சாதா எழுத்தில், கொட்டையாக, தமிழிலேயே போடுங்கள். பல பெட்டிகளில் அது இப்போதே கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில்தான் இருக்கிறது.