பந்தை நம்பிப் பிழைக்கலாமா?



குனோங் ராபாட்டிலிருந்து ஒரு தாய் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் வந்து குடியேறிய குடும்பம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மூத்த பையன் ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்கிறான். பொழுது சாய்ந்தால் சுண்ணாம்பு மலையோரத்துத் திடலில் சீனப் பிள்ளைகளோடு கூடைப்பந்துதான். எஸ்.பி.எம். எழுதி முடித்தவன், இனிமேல் பந்தாடியே சம்பாதிக்கப் போகிறேன் என்கிறானாம். "அப்பாவும் மகனும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் யார் பக்கம் பேசுவது?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சகோதரி, யார் பக்கமும் பேச வேண்டாம். இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள். வாசகர்களே, நீங்களும் கேளுங்கள்.

சிம் புல்லர் என்பவர் 1992-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பிறந்தார். தாய் தந்தையர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். பையன் வளர்ந்தான், வளர்ந்தான், 7 அடி 5 அங்குலத்தில் வந்துதான் நின்றான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 2013, 2014 இரண்டு வருடமும் தம் வட்டாரப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கினார். இனிமேல் என்ன, பணம் கொட்டும் என்றுதானே நினைப்போம்?

என்.பி.ஏ. என்கிற அமெரிக்கப் பெரிய போட்டியில் 30 குழுக்கள் உண்டு. வருடத்துக்கு 60 புது ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிப் பொறுக்கி எடுப்பார்கள். 2014-இல் அந்த 60 பேரில் சிம் புல்லர் பெயர் இல்லை. ஆகஸ்டு மாதம் சாக்ரமெண்டோ கிங்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அக்டோபரில், போட்டி தொடங்குமுன்பே, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் ரீனோ என்ற ஊருக்குப் போய் இரண்டாந்தரப் போட்டியில் ஆடினார். பெரிய போட்டியில் அப்போது கடைசி ஆளுக்கும் வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். இரண்டாந்தரத்திலோ, அந்த நாளில், ஆளின் தரத்தைப் பார்த்து ஒரு பருவத்துக்கு 13,000 முதல் 25,000 டாலர்தான். அதே பந்து, அதே வளையம், அதே வியர்வை!

2015 ஏப்ரல் 2-ஆம் தேதி அதே சாக்ரமெண்டோ குழு அவரைத் திரும்பக் கூப்பிட்டது. எத்தனை நாளுக்கு? பத்து நாளுக்கு. அங்கே அப்படி ஒரு முறை இருக்கிறது. பத்து நாள் ஒப்பந்தம் இரண்டு தடவை கொடுக்கலாம். அதற்குப் பிறகும் ஆள் வேண்டுமென்றால் அந்தப் பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால், போய் வா!

ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது அவரை உள்ளே இறக்கினார்கள். என்.பி.ஏ.யில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. மறுநாள் முதல் கூடை போட்டார். மூன்று ஆட்டங்கள், எல்லாம் சேர்த்துச் சுமார் மூன்று நிமிடங்கள், இரண்டு புள்ளிகள். பருவம் முடிந்தது. பெரிய போட்டியில் அவர் பிறகு ஆடவே இல்லை.

மூன்று நிமிடம்தானா என்று சிரிக்காதீர்கள். அவர் மூலையில் போய் உட்கார்ந்துவிடவில்லை. டொரோண்டோ பக்கத்தில் இரண்டாந்தரக் குழுவில் ஆடினார். பிறகு தைவானுக்குப் போனார். டாசின் டைகர்ஸ், யூலோன் டைனோஸ், சின்சூ லயனியர்ஸ் என்று குழு மாறி மாறி ஆடினார். நடுவில் சீனாவின் குவாங்சிக்கும் ஆடினார். பாஷை தெரியாத ஊர், பழகாத சாப்பாடு. ஆனால் அங்கே அவர் குழுவுக்குத் தூண். வேலை கிடைத்த இடத்துக்குப் போனார், வாங்கிய சம்பளத்துக்கு உழைத்தார்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். செக்ரோலில் பேர் உள்ளவர் ஒரு மாதிரி, காண்டிராக்ட் ஆள் ஒரு மாதிரி. இன்றைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு லாரி எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே. அப்படி வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்களை யாராவது தோற்றவர்கள் என்று சொல்வோமா? பந்தாட்டக்காரரில் பெரும்பாலோர் இப்படிக் காண்டிராக்ட் ஆட்கள்தாம். சுவரில் படம் மாட்டப்படுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இந்தியாவில் ரயில்வேயும் வங்கிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்துத் தங்கள் குழுவில் ஆட வைக்கின்றன. கேரளத்துப் பெண் கீது அன்னா ஜோஸ் தென்னக ரயில்வே ஊழியர். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் குழுவுக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் மூன்று பெண்கள் குழுக்கள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வர ரயில்வே வேலை இருந்தது. கால் காசு ஆனாலும் கவர்மெண்டு காசு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நம் நாட்டிலும் வழி அடைத்துக் கிடக்கவில்லை. 2009-இல் ஆசியான் கூடைப்பந்துப் போட்டி தொடங்கியபோது கோலாலம்பூர் டிராகன்ஸ் குழு அதில் இறங்கியது. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்று நம்மவர் பெயர்களும் அந்தக் குழுவில் ஒலித்தன. ஆனால் 2020-இல் கொரோனா வந்ததும் அந்தப் போட்டி பாதியிலேயே நின்றது. காண்டிராக்ட் பிழைப்பில் இதுதான் பயம்.

இப்போது தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. ஐயா, மகன் கேட்பது விளையாட அனுமதி அல்ல, ஒரு வேலை. அதை வேலையாக நினைத்துப் பேசுங்கள். மூன்று வருடத் தவணை கொடுங்கள்.

தம்பி, உனக்கும் உண்டு. ஆறடி இரண்டு நம் வீட்டில் உயரம், அந்தத் திடலில் சாதாரணம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும், தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடவும் தெரியாமல் அந்த உயரத்துக்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேள். எத்தனை மாதம்? சம்பளம் எந்தத் தேதியில்? கால் முறிந்தால் யார் செலவு? சேமநிதியும் சொக்சோவும் கட்டுவார்களா? நம் நாட்டுக் கால்பந்துக் குழுக்கள் சிலவற்றில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி விழுந்த கதை உனக்கும் தெரியும்.

இன்னொன்று. பந்தாடிக்கொண்டே ஒரு கைத்தொழிலோ படிப்போ முடித்துவிடு. முழங்கால் ஒருநாள் போதும் என்று சொல்லும். அந்த நாளில் உன் கையில் வேறொரு வேலை இருக்க வேண்டும்.

சகோதரி, இதைப் படித்த பிறகு மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். என்ன முடிவு செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.