ஓடப்போகிற கால்



போன மாதம் வந்த ஒரு கடிதம் இன்னும் என் மேசையிலேயே கிடக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் இப்போது எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறாராம். அவருடைய வீடு விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. “வழக்குப் போட்டு நான் ஜெயிப்பதற்குள் அவர் வீட்டையும் விற்று மஞ்சக் கடுதாசியும் கொடுத்துவிட்டால், தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதா?” என்று கேட்கிறார்.

கோபத்திலும் சிலேடை வருகிறதே என்று ரசித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்கு டிக்ரி கையில் வந்த பிறகுதான் தொல்லையே தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லிவிட்டது.

ஆசிரியை கேட்பதற்கு வழி இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 38-ஆவது கட்டளை, 5-ஆவது விதி. தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி என்பார்கள். வரப்போகிற டிக்ரியை ஏய்க்கும் நோக்கத்தோடு பிரதிவாதி சொத்தை விற்கவோ கோர்ட்டின் எல்லையை விட்டு அப்புறப்படுத்தவோ போகிறார் என்று நீதிபதிக்குப் பட வேண்டும். பட்டால், ‘ஜாமீன் கட்டு, இல்லாவிட்டால் ஏன் கட்ட வேண்டியதில்லை என்று வந்து காரணம் சொல்’ என்று உத்தரவு போகும். அவசரமானால் அதற்குள்ளேயே சொத்தை நிபந்தனையோடு ஜப்தி செய்யவும் முடியும். வீடு, நிலம் என்றால் இன்றைக்கும் அந்த இடத்தில் தமுக்கு அடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அமீனா வந்து தமுக்கு அடித்துப் போனால், கடனைவிட மானம்தான் முதலில் போகும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த வசதி வெகு காலம் இருக்கவில்லை. வழக்கு முடியும் முன் ஒருவன் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று அவர்கள் நீதிமன்றம் 1890-இல் சொன்னதே 85 ஆண்டுகள் நின்றது. அதை உடைத்ததில் நம் வயல்களுக்கு வந்த உரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1975-இல் மரேவா என்ற கம்பெனியின் கப்பலை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்து, அதை இந்திய அரசுக்கு உள்வாடகைக்கு விட்டது. பிரான்சின் போர்தோ துறைமுகத்திலிருந்து இந்தியாவுக்கு உரம் ஏற்றி வர வேண்டும். இந்தியத் தூதரகம் 1,74,000 பவுண்டை லண்டன் வங்கி ஒன்றில் ஒழுங்காகக் கட்டிவிட்டது. வாடகைக்கு எடுத்தவர்களோ கப்பல்காரருக்கு இரண்டு தவணை கொடுத்தார்கள்; மூன்றாவதுக்கு, தொழிலையே நிறுத்துகிறோம் என்று டெலக்ஸ்தான் வந்தது. பணம் வங்கியில் கிடக்கிறது. ஒரு தந்தி போதும், நாட்டை விட்டுப் போய்விடும். நீதிபதி லார்டு டென்னிங் அதை அசைய விடாமல் ஆணையிட்டார். கப்பல்காரர் பெயரே அந்த ஆணைக்கு நிலைத்து ‘மரேவா ஆணை’ ஆனது.

1999-இல் அதன் பெயரை மாற்றி, சொத்தை உறைய வைக்கும் ஆணை என்றார்கள் அங்கே. நம் பத்திரிகைகள் ‘முடக்கம்’ என்று எழுதுகின்றன. எனக்கு நம் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. முடங்கிய கை உடம்போடுதான் இருக்கிறது, அவனுடைய கைதான். எடுத்து யாருக்கும் கொடுக்கத்தான் முடியாது. முடக்கிய சொத்தும் அப்படியே. வழக்குப் போட்டவருக்கு அதில் ஒரு செங்கல்கூட இன்னும் சொந்தமாகவில்லை.

இங்கேதான் ஆசிரியையோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பிரதிவாதி என்றால் கடன்காரர் என்று இன்னும் யாரும் தீர்மானிக்கவில்லை. புரோநோட்டே பொய் என்று நாளை நிரூபணம் ஆகலாம். மிரட்டிப் பணிய வைக்க இந்த மனுவைப் போடுகிறவர்களும் ஊரில் இல்லாமலில்லை. அதனால்தான் உச்ச நீதிமன்றம் ராமன் டெக் வழக்கில் கடிவாளம் போட்டது: நியாயமான பாக்கி இருக்கிறது என்பது மட்டும் போதாது, ஈடில்லாமல் கொடுத்த கடனை ஈடுள்ள கடனாக்கிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. காரணமில்லாமல் ஜப்தி வாங்கியிருந்தால் பிரதிவாதி நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் அந்த மனுவில் கிடைப்பது அதிகபட்சம் 50,000 ரூபாய்தான். நட்ட நடுத் தெருவில் தமுக்கு அடிபட்ட குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? இங்கிலாந்தில் தடை கேட்பவர், நாளை தோற்றால் முழு நஷ்டத்தையும் ஈடு செய்கிறேன் என்று முதலிலேயே கோர்ட்டுக்கு உறுதி கொடுக்க வேண்டும். சாப்பாட்டுச் செலவுக்கும் வக்கீல் பீஸுக்கும் பிரதிவாதி பணம் எடுக்க அந்த ஆணையிலேயே இடம் விடுகிறார்கள்.

நம் சட்டத்திலும் ஈரம் இருக்கிறது, வேறு இடத்தில். டிக்ரியே ஆனாலும் தொடக் கூடாதவை என்று 60-ஆவது பிரிவில் ஒரு பட்டியல்: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும். மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் அதில் உண்டு. தாலி என்று பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான். தீர்ப்புக்கு முன்னால் விவசாயி கையிலிருக்கும் விளைச்சலையும் ஜப்தி செய்ய முடியாது. காய்ந்த சட்டமொழிக்கு நடுவே அந்த விதைநெல்லைப் பார்த்ததும் சற்று நேரம் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

ஆசிரியை அம்மாவுக்கு: ‘விற்கப் போவதாகத் தெரிகிறது’ என்று பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி எழுதினால் மனு நிற்காது. எந்தத் தரகர், யார் வந்து வீட்டைப் பார்த்தார்கள், எந்தத் தேதியில், விளம்பரம் வந்ததா, வேறு சொத்து அவருக்கு இருக்கிறதா என்று விவரம் வேண்டும். அத்தனையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். கிளம்பும் முன் புரோநோட்டின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். இடையில் வரவு எதுவும் எழுதி வாங்காமல் மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் வழக்கே காலாவதியாகிவிடும். கடிதத்தில் அந்தத் தேதியை மட்டும் எழுத மறந்திருக்கிறீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்