ஜூரோங் ரயிலை மேசைமேல் ஓட்டுவதென்றால்

சன்செட் வே அருகே உலு பாண்டான் ஆற்றின் குறுக்கே ஒரு பழைய ரயில் பாலம் நிற்கிறது. 1960களில் புக்கிட் தீமா நிலையத்திலிருந்து பிரிந்து, ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுசென்ற பாதையின் மிச்சம் அது. 1990களில் அந்த ரயில் நின்றுபோனது.

இதை மாதிரி ரயிலாகச் செய்ய நினைக்கும் நாம் பாலத்திலும் மரங்களிலும் தொடங்கிவிடுகிறோம். சரக்கு யார்டு கடைசியில்தான் நினைவுக்கு வரும்; மீதமுள்ள இடத்தில் நான்கைந்து தண்டவாளங்களை அடைத்துவிடுவோம். இது தலைகீழ்.

பெட்டிகளை இழுத்து வந்த இன்ஜின் எப்படி வெளியேறும்? கழன்று, பக்கத்துத் தடத்தில் சுற்றி, ரயிலின் மறுமுனைக்கு வர வேண்டும். அந்தப் பக்கத்தடத்தின் நீளத்தைப் பொறுத்தே எத்தனை பெட்டிகள் வரலாம் என்பது. 1:87 அளவில் ஒரு மீட்டர் மேசை வெறும் 87 மீட்டர் நிலம். வீவக வீட்டில் அதற்குமேல் ஏது இடம்? பக்கத்தடம் ஒன்று, சரக்கு இறக்க ஒன்று, போதும். மீதி இடம் லாரி திரும்புவதற்கு.

இன்னொன்று, மலாயா ரயில்வே மீட்டர் அகலப் பாதை. கடைகளில் எளிதில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் இந்த அளவுக்குப் பொருந்தாது. 12 மில்லிமீட்டர் வேண்டும்.

பழைய வரைபடங்கள் எல்லாவற்றையும் சொல்லாது. மலாயா ரயில்வேயில் தமிழர்கள் பலர் உழைத்தார்கள். உங்கள் தாத்தா அவர்களில் ஒருவரென்றால், பசை வாங்குமுன் அவரிடம் கேளுங்கள்: பெட்டியை எந்தப் பக்கம் தள்ளினீர்கள்?