நான்கு மீட்டருக்கு அப்பால் நிற்பது யார்?



2021-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், தீபாவளி. விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஒரு தந்தை ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். உடன் ஏழு வயது மகன். வண்டியில் நாட்டு வெடி மூட்டைகள். மூட்டைகள் திடீரென வெடித்தன. தந்தையும் மகனும் மாண்டனர். எவரும் திரியில் தீ வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விறகு எரியக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் வேண்டும். வெடிமருந்துக்கு அது வேண்டியதில்லை. அதிலுள்ள வெடியுப்பே ஆக்ஸிஜனைத் தருகிறது. கரியும் கந்தகமும் எரிகின்றன. எனவே கட்டி வைத்த மூட்டைக்குள்ளும் அது எரியும். ஒன்று பற்றினால் மற்றவை கண்ணிமைக்கும் நேரத்தில் பற்றிவிடும். நாட்டு வெடியில் எந்த மருந்து எவ்வளவு என்பது கட்டியவருக்கு மட்டுமே தெரியும். சில கலவைகளுக்கு உராய்வே போதும். இதை மூட்டையாக விற்பதையும், இரு சக்கர வண்டியில் ஏற்றுவதையும் முழுமூச்சாகத் தடுக்க வேண்டும் என்பேன்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும் வெடி தீங்கற்றதா? 1999-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஓசை 125 டெசிபலைத் தாண்டலாகாது. நான்கு மீட்டர் என்பது ஏறத்தாழ 13 அடி. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனை சந்துகளுக்கு அந்த அகலம் உண்டு?

ஒரு கணக்குப் போடுவோம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபல் குறையும். பாதியானால் 6 டெசிபல் கூடும். ஆகவே ஒரு மீட்டரில் நிற்கும் தம்பியின் காதில் விழுவது 137 டெசிபல். சந்தின் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஓசை இதில் சேரவில்லை. விதி மீறப்படவில்லை, காது மட்டும் பழுதாகலாம்!

நாயின் நிலை இன்னும் மோசம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. நாய்க்கு 45,000 வரை கேட்கும். அன்று தெருநாய்கள் வண்டிகளுக்கு அடியிலும் சாக்கடையிலும் ஒடுங்கிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தீபாவளி என்று அவற்றுக்கு யார் சொல்வது?

மரக்காணம் பக்கத்துக் கழுவேலியை அறிவீர்கள். 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. வடக்கே குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைத்த பறவைகள் அங்கே இறங்குகின்றன. அதே மாதங்களில்தான் தீபாவளியும் வருகிறது. நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவில் வெடி தொடங்கியதும், பறவைகள் பெருங்கூட்டமாக எழுந்து 500 மீட்டர் உயரம் வரை சென்றதை வானிலை ராடார் காட்டியிருக்கிறது. ஓய்வெடுக்க வேண்டிய இரவில் இப்படிப் பறந்தால் சேமித்த கொழுப்பு வீணாகிறது.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் உண்டு. அது போலக் கழுவேலிக் கரைக்கும் வேண்டும். ஆனால் 100 மீட்டர் போதாது. நமது கணக்கின்படி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சுமார் 77 டெசிபல் வரும். காற்று சிறிது உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவே. ஆகவே கரையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது ஓசையின்றி இருக்கட்டும். நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பார்க்கலாம். பறவைகளுக்காக அவ்வூரார் பல்லாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் இனிப்பு வழங்கிப் பாராட்டுகிறார்கள்.

சிவகாசித் தொழிலாளர் பிழைப்பு என்னவாகும் என்ற கேள்வி நியாயமானது. நான் மத்தாப்பையும் புஸ்வாணத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை (அவற்றின் புகையும் நல்லதன்று, அது வேறு கதை). அதிரவைக்கும் வெடிகளைக் குறைத்து, ஒளி தருபவற்றைக் கூட்டினால் வேலை போகவேண்டியதில்லை. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று 2018-இல் தமிழகத்தில் நேரக் கட்டுப்பாடு வந்தபோதும் பண்டிகை நின்றுவிடவில்லையே!

அடுத்த தீபாவளிக்கு முன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் தெருவின் அகலத்தை அளந்து பாருங்கள். நான்கு மீட்டருக்குக் குறைந்த தெருக்களைப் பட்டியலிட்டு, ஆசிரியரிடம் காட்டி, மனுவாக எழுதுங்கள். விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள்.