பனிக்களத்தின் வாயிலில் நிற்கும் எம் பிள்ளைகள்

ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டிய நண்பர் ஒருவர், பின்னர் குடும்பத்தோடு ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்து பூருசெட் பகுதியில் வாழ்ந்து வருகின்றார். இங்கே சூரியன் அடிவானத்துக்கு மேல் எழாத மார்கழி நாளொன்றில் அவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய ஒன்பது வயது மகன் ஐஸ் ஹொக்கிக் கழகமொன்றில் சேர்ந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கின்றானாம். "அது காசுக்காரரின்ரை விளையாட்டு அண்ணை, எங்கடை பிள்ளையளுக்குச் சரிவராது" என்றார் நண்பர்.

அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியின் வரலாறு எம்மவர் அறிய வேண்டியது.

மண்டபமொன்றினுள் முறைப்படி ஆடப்பெற்ற முதலாவது ஐஸ் ஹொக்கி ஆட்டம் 1875 மார்ச் 3ஆம் நாள் மொன்றியலில் நிகழ்ந்தது. 1886இல் கனடாவில் அமெச்சூர் ஹொக்கிச் சங்கம் தோன்றியது. அமெச்சூர் என்பவர் ஊதியம் பெறாமல் விளையாட்டின்மீது கொண்ட பற்றினால் மட்டும் ஆடுபவர். கேட்பதற்கு மேலான கொள்கைதான். ஆயினும், ஊதியமின்றிப் பயிற்சிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் நேரம் ஒதுக்க யாரால் இயலும்? வணிகரின் மைந்தருக்கு இயலும். ஒருநாட் கூலியை இழந்தால் அடுப்பெரியாத தொழிலாளிக்கு இயலாது. அவன் இழந்த கூலியைக் கழகம் ஈடுசெய்தாலோ, அவன் அமெச்சூர் அல்லன் என்று விலக்கப்பட்டான். பணம் வாங்குவோரைத் தடுத்த அதே விதி, பணம் இல்லாதோரையும் தடுத்தது.

வெளிப்படையாக ஊதியம் வழங்கிய முதலாவது தொழில்முறை லீக் 1904இல் உருவானபோது, அதன் முதன்மையான ஊர் பெருநகரம் எதுவுமன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊரான ஹூட்டன். ஐந்து அணிகளைக் கொண்ட அந்த லீக் 1907இல் கலைந்தது. இன்று உலகறிந்த தேசிய ஹொக்கி லீக் 1917 நவம்பரில் மொன்றியலில் நிறுவப்பட்டது.

அதன் பின்னரும் உலகச் சுற்றுப்போட்டிகளும் ஒலிம்பிக்கும் நெடுங்காலம் அமெச்சூர்களுக்கே உரியனவாயிருந்தன. 1952இல் ஒஸ்லோ ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வென்று கொடுத்த எட்மன்ரன் மேர்க்குறிஸ் அணியை ஆதரித்தவர் ஒரு மோட்டார்க் கார் விற்பனையாளர். சோவியத் வீரர்களோ இராணுவத்தில் பதவியும் சம்பளமும் பெற்று ஆண்டு முழுவதும் ஹொக்கியே ஆடினர். அவர்களும் ஏட்டளவில் அமெச்சூர்களே! இதை ஏற்காத கனடா 1970 முதல் 1976 வரை உலகச் சுற்றுப்போட்டிகளில் பங்குபற்றாது விலகி நின்று, 1977இல் திரும்பியது. 1998இல் நாகனோ ஒலிம்பிக்கில் தேசிய ஹொக்கி லீக்கின் வீரர்கள் ஆடியபோது பழைய வேலி வீழ்ந்தது.

இன்று நிற்பது வேறொரு வேலி. ஸ்கேட்ஸ், தலைக்கவசம், உடற்காப்புகள், மட்டை ஆகியவற்றோடு, இயந்திரத்தால் உறையவைக்கும் களத்தின் செலவும் சேர்ந்து கட்டணத்தை உயர்த்துகின்றது. நண்பரின் அச்சம் நியாயமானதே. ஆனால் வேலியைக் கண்டவுடன் திரும்பி நடப்பது நியாயமன்று.

நோர்வேயில் சிறுவர் கழகங்களைத் தாங்குவது பெற்றோரின் 'டுக்னாட்' என்னும் கூலியற்ற கூட்டுவேலை. எமது ஊர்களில் கோயில் திருவிழாவுக்குச் செய்த சிரமதானத்தை ஒத்தது அது. எம்மவரிற் பலர் பிள்ளையை இறக்கிவிட்டு வாகனத்துக்குள்ளேயே காத்திருக்கின்றனர். கோப்பி ஊற்றும் மேசைக்குப் பின்னால் ஒருநாள் நின்றவருக்கே அவ்வூரில் யார் யாரென்று தெரியவரும். பொருட்செலவைக் குறைக்கவும் வழியுண்டு. 'புஆ' எனப்படும் இரவல் நிலையங்கள் பல ஊர்களில் விளையாட்டுப் பொருட்களைக் கட்டணமின்றித் தருகின்றன. காயம் படுமே என்று அஞ்சும் தாய்மாருக்கு ஒன்று: சிறுவர் பிரிவில் உடலால் மோதித் தள்ளுதல் அனுமதிக்கப்படுவதில்லை.

எமது சங்கங்களிடமும் ஒரு கேள்வி. ஆண்டுதோறும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு ஆளுயரக் கிண்ணங்கள் வாங்குகின்றோம். அவற்றிற் பல கண்ணாடி அலுமாரிகளில் தூசு படிந்து நிற்கின்றன. ஒரு கிண்ணத்தின் விலையில் பழைய ஸ்கேட்ஸ் எத்தனை சோடி வாங்கலாம் என்று எவரேனும் கணக்குப் பார்த்தனரா?

எங்கள் பிள்ளைக்குச் சரிவராது என்று நண்பர் கூறிய பூருசெட்டின் கழகம், 1980களில் நோர்வேயின் வாகையர் பட்டம் வென்ற கழகமாகும். ஒஸ்லோவிலிருந்து சென்று அமெரிக்காவில் பெயர்பெற்ற மற்ஸ் சுக்கரெல்லோவின் குடும்பப் பெயர் இத்தாலியிலிருந்து வந்தது. உயரத்திலும் அவர் எம்மவரைப் போன்றவரே.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறினேன். சென்ற கிழமை மீண்டும் அழைத்தார். மகனைச் சேர்த்துவிட்டாராம். ஆனால் பயிற்சி சனிக்கிழமை காலை. தமிழ் வகுப்பும் அதே நேரம். வகுப்புக்கு வராவிட்டால் பெயரை வெட்டுவோம் என்கின்றதாம் நிருவாகம். தமிழ் வகுப்பு நடத்துவோரே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வகுப்பறை கிடைக்குமா என்று நகரசபையிடம் கேட்டுப் பாருங்கள்.